ஒரு சாண் பேய்கள்

1809-இல் லண்டனில் ஓவியர் வில்லியம் பிளேக் தனியாளாகக் கண்காட்சி போட்டார். இடம், அண்ணனின் காலுறைக் கடை மாடி. படங்கள் 16. இரண்டரை ஷில்லிங் கட்டினால் விளக்கப் புத்தகமும் உண்டு. கூட்டம்தான் இல்லை. 'எக்ஸாமினர்' பத்திரிகையில் ராபர்ட் ஹன்ட் எழுதிய விமர்சனத்தின் சாரம்: ஆள் பைத்தியம். சின்ன வயதில் மரம் நிறைய தேவதைகளைப் பார்த்ததாக வீட்டில் வந்து சொன்னவர் அவர். அன்று அப்பாவின் அடியிலிருந்து அம்மா காப்பாற்றினாள். ஹன்ட்டிடமிருந்து காப்பாற்ற யாருமில்லை.

அந்த வருஷம் காரைக்கால், பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடுங்கிய ஆங்கிலேயர் கையில் இருந்தது. பேசாமல் பிளேக்கைக் கப்பலேற்றி இங்கே அனுப்பியிருக்கலாம். இந்த மாதிரி கேஸ் ஊருக்குப் புதிதல்ல.

வணிகன் பரமதத்தன் கடைக்கு வந்த இரண்டு மாம்பழத்தை வீட்டுக்கு அனுப்பினான். கறி வேகுமுன்பே ஒரு சிவனடியார் பசியோடு வந்து நிற்க, அவன் மனைவி புனிதவதியார் (காரைக்கால் அம்மையார்) சோற்றோடு ஒரு பழத்தை இலையில் வைத்துவிட்டார். மத்தியானம் வீட்டுக்கு வந்த கணவன் மிச்சத்தைத் தின்றுவிட்டு இன்னொன்றும் கேட்டான். அம்மாள் உள்ளே போய்க் கும்பிட்டார், கையில் பழம். ருசி தூக்கலாக இருந்தால் தின்றுவிட்டுப் போக வேண்டியதுதானே? இது ஏது என்றான். சிலை எந்தக் கோயிலுடையது, யார் விற்றது என்று இன்று அருங்காட்சியகங்களைக் குடைகிறார்களே, அந்த விசாரணைக்குப் பிள்ளையார் சுழி போட்டவன் அவன்தான். சிவன் தந்தது என்றால் நம்பவில்லை. இன்னொன்று வரவழைக்கச் சொன்னான். வந்தது, அவன் கைக்குப் போனதும் மறைந்தது. இருப்புக் கணக்கு உதைத்தால் வியாபாரி தாங்குவானா? கப்பலேறி ஓடி, பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பேர் வைத்தான். மனைவி வந்து சேர்ந்தபோது குடும்பத்தோடு காலில் விழுந்தான்.

அம்மையார் சதையை உதறிப் பேயானார். கால் படக்கூடாதென்று கயிலைக்குத் தலையால் நடந்தார். இது யார் என்று பார்வதியே கேட்கும்படி ஆயிற்று. அம்மா என்று கூப்பிட்டார் சிவன்.

பிளேக்கும் பேய் பார்த்தவர். அவர் வரைந்த தெள்ளுப்பூச்சியின் பேய் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 21 செ.மீ. நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் உட்கார்ந்திருக்கும் அம்மையார் வெண்கலம் 23 செ.மீ. தெள்ளுப்பூச்சிப் பேய் ரத்தம் குடிக்கக் கிண்ணம் வைத்திருக்கிறது. நம்முடையது தாளம் போடுகிறது.

காரைக்காலில் டிக்கெட் கிடையாது. ஆனிப் பௌர்ணமியில் சிவன் பிச்சாண்டவராக வீதியுலா வர, மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும். கீழே பிடிக்க அடிதடி. மண்டையில் வாங்கியவர்கூட இது ஏது என்று கேட்டதில்லை.