கவனிச்சீங்களா சார்?

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே அவர் நம் பக்கம் திரும்பிவிடுவார். விளக்குப் போடும்வரை பொறுக்கமாட்டார். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்கமாட்டார், "பிடிச்சுதா?" என்ற கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததாக வரலாறே கிடையாது. "அந்தக் கடிகாரத்தைக் கவனிச்சீங்களா சார்?" என்பதுதான் எடுத்த எடுப்பில் அவர் போடும் வெடி. கவனிக்கவில்லை என்றால் தொலைந்தோம். பார்க்கிங்கில் வண்டியை எடுக்கும்வரை பாடம் நடக்கும். கவனித்தேன் என்றால் அதைவிட மோசம். "அப்ப மணி எத்தனை காட்டுச்சு, சொல்லுங்க?" என்று வாய்மொழித் தேர்வு ஆரம்பமாகிவிடும். சுவரில் ஆணி இருந்தால் ஆணி, ஜன்னல் பாதி திறந்திருந்தால் அந்தப் பாதி, கதாநாயகி நீலச் சேலையிலிருந்து பச்சைச் சேலைக்கு மாறியிருந்தால் அந்த மாற்றம், எல்லாமே அவருக்குத் துப்பு. மனுஷி குளித்துவிட்டுச் சேலை மாற்றியிருப்பாள் சார் என்று சொல்லிப் பாருங்கள். பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார். டிசம்பர் திரைப்பட விழாவில் வாங்கிய அடையாள அட்டை பொங்கல் கழிந்த பிறகும் அவர் கழுத்தில் தொங்குவதையோ, எந்த இயக்குநர் பேரையும் பாதியாக வெட்டிச் செல்லமாகச் சொல்வதையோ நான் குறை சொல்லவில்லை. அதெல்லாம் யாருக்கும் கெடுதல் செய்யாத பழக்கங்கள். இந்தக் 'கவனிச்சீங்களா' மட்டும் அப்படியல்ல.

மெதுவாக நகர்ந்து, கனவும் நனவும் கலந்து, கடைசியில் மர்மத்தை அவிழ்க்காமலே முடிகிற படங்களுக்கு இவர்தான் காவல் தெய்வம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அவரும் அதை மறுப்பதில்லை. என் வாதம் அதற்கு நேர் எதிரானது. அப்படிப்பட்ட படத்தைத் தாங்கவே முடியாத ஆள் ஒருவர் உண்டென்றால் அது இவர்தான். "என்னய்யா படம் இது" என்று இடைவேளையோடு எழுந்து போகிறவருக்காவது படம் மெதுவாகப் போவது உறைத்திருக்கிறது. அந்த மெதுவோடு மல்லுக்கட்டித் தோற்று வீட்டுக்குப் போகிறார். இவரோ ரயிலில் ஜன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொண்டு கால அட்டவணையை மட்டும் படித்து முடிக்கிறவர். வெளியே என்ன போயிற்று என்று அவரிடம் கேட்கக்கூடாது.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்தையே எடுத்துக்கொள்வோம். 2022 டிசம்பரில் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2023 ஜனவரியில் தியேட்டருக்கு வந்தது. மலையாளப் படம்தான் என்றாலும் பெரும்பகுதி நடப்பது நம் ஊர்க் கிராமத்தில், நம் பேச்சில். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்பும் நாடகக்காரர் ஜேம்ஸ், மதியச் சாப்பாட்டுக்குப் பின் வண்டியில் எல்லோரும் கண்ணயர்ந்திருக்கும்போது விழித்துக்கொண்டு வண்டியை நிறுத்தச் சொல்கிறார். இறங்கிச் சோளக்காட்டுக்குள் நடந்து, ஒரு கிராமத்துக்குள் நுழைந்து, இரண்டு வருடமாகக் காணாமல்போன சுந்தரம் என்பவரின் வீட்டில் சுந்தரமாகவே புழங்கத் தொடங்கிவிடுகிறார். மறுநாள் மதியம் இன்னொரு தூக்கம். எழுந்தால் மறுபடியும் ஜேம்ஸ். ஏன், எப்படி என்று படம் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

படம் சொல்லாவிட்டால் என்ன, டீக்கடை மேஜை இருக்கிறதே. டீ கிளாஸ் ஜேம்ஸ். மசால் வடை சுந்தரம். மடித்துவைத்த தினசரி, வேன். கிளாஸின் அடி பதிந்த ஈர வட்டம்தான் உறக்கம். கிளாஸைத் தூக்கி வட்டத்துக்கு அந்தப் பக்கம் வைத்து, "இப்ப இவன் யாரு?" என்பார். ஜேம்ஸ் என்றாலும் தப்பு, சுந்தரம் என்றாலும் தப்பு. "ஆரம்பத்துல லாட்ஜ் சுவத்துல ஒரு குறள் இருந்துச்சே, தூக்கத்தையும் சாவையும் பத்தி, கவனிச்சீங்களா? படம் அங்கேயே முடிஞ்சுபோச்சு சார்." பேச்சு மும்முரத்தில் பக்கத்தில் இருப்பவர் சுந்தரத்தைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டால் கோட்பாடு சற்றே தடுமாறும். இன்னொரு வடை சொல்லிவிட்டுத் தொடர்வார். போன வாரம் வரை அது கனவு. இந்த வாரம் ஆவி. அடுத்த வாரம் ஜேம்ஸ் நாடகக்காரர் என்பது நினைவுக்கு வந்து முழுப் படமும் நாடகமாகிவிடும். எந்த வாரமானாலும் விடை ஒன்றுதான் இருக்கும், அதுதான் இறுதியான விடையாகவும் இருக்கும்.

படம் குறளிலேயே முடிந்துபோனது என்றால் அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் எதற்கு என்பதுதான் நான் கேட்பது. கிளாஸும் வடையும் வேனும் நிற்கிற அந்த மேஜையில் பூங்குழலிக்கு இடமில்லை. பூங்குழலி சுந்தரத்தின் மனைவி. புருஷன் பேச்சோடும் புருஷன் நடையோடும் ஒரு வேற்றாள் வீட்டுக்குள் வந்து, மறுநாளே போயும் போய்விடுகிறான். அவளைப் பொறுத்தவரை சுந்தரம் இரண்டாம் முறையாகக் காணாமல்போகிறான். வந்தவன் கனவில் வந்தானா ஆவியாக வந்தானா என்று தெரிந்து அவளுக்கு ஆகப்போவது என்ன? தேனி ஈஸ்வரின் கேமரா பெரும்பாலும் அசையாமல் நிற்பது, அந்த வீட்டில் ஆளாளுக்கு என்ன நடக்கிறது என்று நாம் சாவகாசமாகப் பார்க்கத்தான். பார்வையில்லாத தாய்க்கு முன்னால் டிவியில் பழைய தமிழ்ப் படங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நம்மவர் அதையும் கவனிக்கிறார். எந்தப் படத்து வசனம், அதில் என்ன குறிப்பு என்பதற்காக. அந்த அம்மா அங்கே உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படவில்லை.

பழைய கதை ஒன்று இதை இன்னும் தெளிவாக்கும். 1960 கான் விழாவில் அன்டோனியோனியின் 'லாவென்தூரா' திரையிடப்பட்டது. உல்லாசப் பயணம் போன இடத்தில், ஒரு சிறு தீவில் அன்னா என்ற பெண் காணாமல்போகிறாள். தேடுகிறார்கள். பிறகு தேடுவதே மெல்ல மறந்துபோகிறது. படம் முடியும்வரை அவள் கிடைப்பதில்லை. அரங்கில் சிரித்தார்கள், கூச்சலிட்டார்கள், காட்சிகள் நீண்டபோது 'கட்' என்று கத்தினார்கள். மறுநாள் திரைக் கலைஞர்களும் விமர்சகர்களும் சேர்ந்து படத்தை ஆதரித்து அறிக்கை விட்டார்கள். நடுவர் பரிசும் கிடைத்தது. கத்தியவர்களைப் பட்டிக்காட்டான்கள் என்று சொல்வது இன்று சுலபம். ஆனால் அவர்கள் கோபம் அசல் கோபம். ஒருத்தி காணாமல்போய்விட்டாள், யாரும் கவலைப்படவில்லை என்பது அவர்களைக் குத்தியது. படம் குத்த நினைத்ததும் அங்கேதான். நம்மவர் அன்று அரங்கில் இருந்திருந்தால் கூச்சலே போட்டிருக்கமாட்டார். பத்து நிமிடத்தில் அன்னாவைக் கண்டுபிடித்துவிட்டு நிம்மதியாக வெளியே வந்திருப்பார்.

இதற்கு அவரிடம் ஒரு தடுப்பு உண்டு, லேசானதும் அல்ல. "கவனிங்கன்னு டேவிட் லிஞ்சே சொல்லியிருக்கார் சார்." உண்மைதான். 2001-இல் வந்த 'மல்ஹாலண்ட் டிரைவ்' டிவிடியாக வெளியானபோது லிஞ்ச் பத்துத் துப்புகள் கொடுத்தார். சிவப்பு விளக்குக்கூடு வரும் இடங்களைக் கவனியுங்கள், அங்கியையும் சாம்பல் கிண்ணத்தையும் காபிக் கோப்பையையும் கவனியுங்கள் என்ற ரீதியில். ஆனால் அவற்றை நிதானமாகப் படித்துப் பார்த்தால் விடை ஒன்றிலும் இல்லை. பலவும் இன்னொரு கேள்வியில்தான் போய் நிற்கின்றன. நினைத்த இடத்துக்குத் தாவ முடியாதபடி அந்த டிவிடியில் காட்சிப் பிரிவுகளும் வைக்கவில்லை. திரும்பப் போய் முதலிலிருந்து பாருங்கள் என்பதுதான் அந்த மனிதர் சொன்னது. நம்மவர் அதைப் பத்து மதிப்பெண் வினாத்தாளாக எடுத்துக்கொண்டார். 'இரேசர்ஹெட்' தன் படங்களிலேயே மிகவும் ஆன்மிகமானது என்று சொல்லிவிட்டு, விளக்கமாகச் சொல்லுங்கள் என்று கேட்டபோது முடியாது என்று மறுத்தவர் லிஞ்ச். அவரைச் சாட்சிக்கு அழைப்பது நம்மவருக்கே ஆபத்து.

அதுமட்டுமல்ல. முதல் காட்சியிலிருந்தே எல்லாம் திட்டமிட்டு வைத்த கண்ணி என்பது நம்மவரின் அடிப்படை நம்பிக்கை. 'மல்ஹாலண்ட் டிரைவ்' தொடங்கியது 1999-இல், அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்கான ஒரு தொடரின் முதல் பகுதியாக. வாரா வாரம் நீள வேண்டிய கதை அது. தொலைக்காட்சி வேண்டாம் என்று தள்ளிவிட்டது; பிரான்சிலிருந்து பணம் வந்த பிறகு புதிய காட்சிகளை எடுத்துச் சேர்த்துத் திரைப்படமாக்கினார் லிஞ்ச். ஆக, இவர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் பல காட்சிகள் எடுக்கப்பட்டபோது அந்த முடிவே இல்லை. பிறகு சேர்த்துப் பொருள் கொடுத்தார் அல்லவா என்றால், கொடுத்தார்தான், அதில்தான் அவர் கைவண்ணம். ஆனால் அது புதையலை முன்கூட்டியே புதைத்துவைத்துவிட்டு வரைபடம் கொடுக்கிற வேலை இல்லை.

எடுத்தவர் மனதில் ஒரு விடை இருக்காதா என்பது அடுத்த கேள்வி. இருக்கலாம். 1961-இல் வந்த 'லாஸ்ட் இயர் அட் மரியன்பாட்' படத்தில் அந்த ஆணும் பெண்ணும் போன வருடம் சந்தித்தார்களா இல்லையா என்பதில் இயக்குநர் அலென் ரெனேயும் எழுத்தாளர் ராப்-கிரியேவும் ஒரே பதிலைச் சொன்னதில்லை. விடை கையில் கிடைத்த கதையும் உண்டு. ஜோன் லிண்ட்சேயின் 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' நாவல் 1967-இல் கடைசி அத்தியாயம் நீக்கப்பட்டு வெளிவந்தது. 1975-இல் பீட்டர் வியர் எடுத்த படத்திலும் பாறைக்குப் போன பெண்கள் என்ன ஆனார்கள் என்பது தெரியாது. நீக்கிய அத்தியாயம் ஆசிரியை இறந்த பிறகு, 1987-இல் தனியாக அச்சேறியது. விடை வந்துவிட்டது. ஆனால் இன்றும் அந்த விடை இல்லாத நாவலும் படமும்தான் உலகம் சுற்றுகின்றன.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புதிராகவே கட்டப்பட்ட படங்கள் உண்டு. சுமார் 7,000 டாலரில் ஷேன் கருத் எடுத்து, 2004 சன்டான்ஸ் விழாவில் பரிசு வாங்கிய 'பிரைமர்' அப்படிப்பட்டது. காலப்பயணத்தில் யார் எப்போது எங்கே என்று தாளில் கோடு போட்டுப் பார்க்காமல் அது பிடிபடாது. அங்கே நம்மவர் வடை வாங்கினால் காசை நான் கொடுக்கிறேன். பொருள் சொல்வதே குற்றம் என்றும் நான் சொல்லவில்லை; உரை எழுதிப் பிழைத்த மரபு நம்முடையது. திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்பார்கள். ஆனால் நம் உரையாசிரியர்கள் தங்கள் பொருளைச் சொல்லிவிட்டு, 'இவ்வாறு உரைப்பாரும் உளர்' என்று எதிராளிக்கும் ஒரு பாய் போட்டு உட்காரவைப்பார்கள். நம்மவர் உரையில் அந்தப் பாய் இல்லை. லாட்ஜ் சுவரில் இருந்த குறளைக் கவனித்தவர், அதன் உரைகாரர்களைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

இவ்வளவு சொன்னாலும் அவர் இல்லாத ஊரை நினைத்துப் பார்க்க முடியவில்லை. திங்கட்கிழமை காலைக் காட்சிக்கு, போஸ்டர்கூட ஒழுங்காக ஒட்டாத படத்துக்கு, காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிறவர் அவர்தான். கூட வரமாட்டேன் என்பவர்களையும் இழுத்துவருவார். படத்தை எடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்தால் தியேட்டர் மேனேஜரிடம் போய் இன்னும் இரண்டு நாள் ஓட்டச் சொல்லி மன்றாடுவார். சில நேரம் தோன்றும்: பிடித்த படத்தோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அந்த மேஜைதானோ என்னவோ. "எனக்கு அழுகை வந்துருச்சு" என்று சொல்ல வராததால்தான் "கடிகாரத்தைக் கவனிச்சீங்களா" என்கிறாரோ என்னவோ.

இருக்கட்டும். அதற்காக எங்கள் மாலைகளை அவருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. ஏதாவது கேட்டே ஆகவேண்டும் என்றால், "எந்த இடத்துல தூக்கம் வந்துச்சு?" என்று கேட்கட்டும். தியேட்டரில் தூங்கவைத்துவிட்டு அப்புறம் ராத்திரியெல்லாம் விழிக்கவைக்கிற படங்களே தனக்குப் பிடிக்கும் என்று ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியே சொல்லியிருக்கிறார். கௌரவக் குறைவான கேள்வி இல்லை அது. மதியத் தூக்கத்திலேயே தொடங்கி மதியத் தூக்கத்திலேயே முடியும் கதைக்கு மிகவும் பொருத்தமானதும்கூட. அதையும் உடனே கேட்க வேண்டாம். திரையில் பெயர்கள் ஓடுகிற அந்த மூன்று நான்கு நிமிடமும் நாங்கள் கொடுத்த டிக்கெட் காசில் சேர்த்திதான். அது ஓடி முடிகிறவரை தயவுசெய்து எங்கள் பக்கம் திரும்பாதீர்கள் சார்.