கேழ்வரகுக் களியும் ஒரு கிராம் நுட்பமும்

ஆய்வுப்பொருள் சிறியது. வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு தராசு, மேலே வட்டத் தட்டு, கீழே இரண்டு பொத்தான். பத்து கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் வரை காட்டும் என்று அட்டைப்பெட்டி சத்தியம் செய்கிறது. உடம்பு இளைக்க வேண்டுவோர் தட்டில் விழும் ஒவ்வொன்றையும் இதில் நிறுத்துவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும் என்பது கோட்பாடு. திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஆர்.கே.பேட்டையில் இக்கோட்பாடு செல்லுமா, செல்லாதா என்பதே இங்கு வினா.

முன்னோரைத் தொட்டுக்கொண்டு தொடங்குவது ஆய்வு மரபு. இத்தாலியில் பாதுவா நகரப் பேராசிரியர் சாந்தோரியோ, நாற்காலியைத் தராசுக் கோலில் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டார். அளவு நிறைந்ததும் நாற்காலி தாழும், எழுந்துவிட வேண்டியதுதான். முப்பது ஆண்டுபோலத் தன்னையும், தான் உண்டதையும், கழித்ததையும் நிறுத்துப் பார்த்து 1614-இல் நூலாக்கினார். உள்ளே போனதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிப் போகிறது என்பது அவர் கண்ட முடிவு. பரிமாறியவரிடம் வரலாறு கருத்துக் கேட்கவில்லை. ஆய்வின் பெருங்குறை அது, அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

நம் பக்கத்துச் சான்று குன்னூரில் இருக்கிறது. 1918-இல் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டையும் தனித்தனி எலிக் கூட்டங்களுக்குப் போட்டு வளர்த்து நிறுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய் என்று சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் பட்டியலின் உச்சியில். தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசியில். சத்துக்குறைவுக்குச் சான்றாக அவர் காட்டியதை இளைக்க விரும்புவோர் வேறு விதமாகப் படிக்கலாம்: மதராஸ் சோறு தின்றால் மெலியலாம் என்று குன்னூரே கையெழுத்துப் போட்டிருக்கிறது. அப்படியிருந்தும் ஆர்.கே.பேட்டையில் பேண்ட் இடுப்பில் ஏறாதது ஏன்? கூண்டுக்குள் இருந்த எலியிடம், "இன்னும் ஒரு கரண்டி வெச்சுக்கோ, வயித்துக்குள்ள எங்கயாவது ஒரு மூலைல கெடக்கட்டும்" என்று சொல்ல அத்தை இல்லை.

மெக்கரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்ட், 1937-இல் நம் நாட்டு உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். எந்தப் பொருளில் எவ்வளவு தின்னத் தகும் என்பதற்கும் அதில் கணக்கு உண்டு. முருங்கைக்காய் சாம்பாரை நிறுத்தவன் மென்று துப்பிய சக்கையையும் நிறுத்துக் கழித்தாக வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். அதற்கு வீட்டார் இசையவில்லை. மெக்கரிசன் தொடங்கிய அந்த உணவு ஆராய்ச்சி நிறுவனம் 1958-இல் குன்னூரை விட்டு ஐதராபாத்துக்குப் போனது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தை விட்டு இந்தப் பக்கம் வந்தது. எடைக்கு எடை சரி என்று கொள்ளலாமா என்பதை வரலாற்றாசிரியர்களுக்கு விடுகிறேன்.

ஐதராபாத் நிறுவனம் 2024-இல் தந்த வழிகாட்டியில், நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்குத் தானியம் 250 கிராம், எண்ணெய் கொழுப்பு 27 கிராம். எண்ணெயைத் தனியே கவனிக்க வேண்டும். முதலில் தானியம். 250 கிராம் என்பது வேகாத அரிசியின் எடை. வெந்தால் அதுவே முக்கால் கிலோவை நெருங்கும். 100 கிராம் அரிசியில் 350 கலோரிபோல. 100 கிராம் சோற்றில் 130 சொச்சம். வித்தியாசம் முழுக்கத் தண்ணீர். இளைக்கப் புறப்பட்ட பலர் இந்த இடத்தில்தான் குப்புற விழுகிறார்கள்: அரிசியின் கணக்கைச் சோற்றுக்குப் போட்டுப் பட்டினி கிடப்பார்கள், அல்லது சோற்றின் கணக்கை அரிசிக்குப் போட்டு ஊதுவார்கள்.

ஆர்.கே.பேட்டைக்கு இது புதுப்பாடம் அல்ல. விசைத்தறி ஊர். நூலை நிறுத்து வாங்கி, நெய்த துணியை நிறுத்துக் கொடுத்து, நடுவில் போன கழிவுக்குப் பதில் சொல்லிப் பழகிய ஊர். பஞ்சு நூல் காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும். அதற்கு நூற்றுக்கு எட்டரை என்று துணித் தொழிலில் கணக்கே வைத்திருக்கிறார்கள். கஞ்சி போட்டால் பாவு கனக்கும். கஞ்சி வடித்தால் சோறு லேசாகும். ஆகவே தராசில் சோற்றை வைத்ததும் இவ்வூர் மனிதர் கேட்கும் முதல் கேள்வி, "ஈர எடையா, காஞ்ச எடையா?" எந்த டயட் புத்தகமும் இத்தனை சுருக்கமாகக் கேட்டதில்லை.

இன்னொன்று. நூலில் நம்பர் ஏற ஏற இழை மெலியும். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டம் 40 இருந்தால் நாற்பதாம் நம்பர். 60 இருந்தால் அறுபதாம் நம்பர், அது இன்னும் சன்னம். மனித உடம்புக்கும் இம்முறையைக் கடைப்பிடித்திருந்தால், டாக்டர் முன்னால் எடை மேடையில் ஏறுவதற்கு யாரும் செருப்பைக் கழற்ற மாட்டார்கள்.

கள ஆய்வுக்குக் கொண்ட குடும்பம் கற்பனை. ஆனால் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகன், கூரியரில் வந்த தராசோடு ஊருக்கு வந்தான். அன்று களி. கேழ்வரகு மாவோடு நொய் கலந்து கிண்டிய களி. மாவு எவ்வளவு, நொய் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டான். "கை சொல்லும்" என்றார் அம்மா. அட்டவணையில் அந்தக் கைக்குக் கலம் இல்லை. ஈரக்கையால் உருட்டித் தராசில் வைத்த உருண்டை, எடுக்கும்போது தராசையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது.

"இன்னாடா இது, சோத்தக் கூட நெறுத்துத்தான் போடணுமா? நான் இன்னா கறிக்கடையா வெச்சிருக்கேன்?"

இக்கூற்றில் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. படி, உழக்கு, ஆழாக்கு என்று முகந்து அளந்த காலத்தில் கடைக்காரர் தலைதட்டி அளப்பார். உறவுக்காரர் கோபுரமாக அளப்பார். ஒரே படி, இரண்டு நீதி. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் வந்த பிறகு கோபுரத்துக்கு இடமில்லாமல் போயிற்று. நிறுத்துப் போட்டால் அன்னியம் என்கிற எண்ணம் இன்னும் அடுப்படியில்தான் உயிரோடு இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் தராசை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. அதன் இடம் சோற்றுப் பக்கம் அல்ல, எண்ணெய்த் தூக்குப் பக்கம். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. சோறு ஒரு கைப்பிடி கூடினால் கண்ணுக்குத் தெரியும். எண்ணெய் கூடினால் தெரியாது. காலையில் தூக்கை நிறுத்து, இரவில் மறுபடி நிறுத்தால் போதும், வீட்டின் ரகசியம் வெளியே வந்துவிடும். நாலு பேர் வீட்டுக்கு வழிகாட்டி விட்டுவைத்தது 108 கிராம். பொடி தோசை போட்ட நாளில் இந்த ஆய்வைச் செய்வோர் மனத்திடம் உள்ளவராக இருப்பது நல்லது. அடுத்தது வேர்க்கடலை: 100 கிராமில் 500 கலோரிக்கு மேல். விளைகிற வட்டாரம் என்பதால் யாரும் அதைத் தீனியில் சேர்ப்பதில்லை, பேச்சோடு போகிறது.

கருவியிலும் ஒரு கள்ளம் இருக்கிறது. சைபரில் நிற்கும் இந்த மலிவுத் தராசில் கடலையை ஒவ்வொன்றாக, மெல்ல மெல்லப் போட்டால் பல சமயம் அசையாது. சைபர் தானாக நகர்ந்துவிட்டது என்று நினைத்து, அதுவே திருத்திக்கொள்ளும் அமைப்பு உள்ளே உண்டு. சிறுகச் சிறுகக் கொறிப்பவனை மன்னிக்கும் இயந்திரம் இது.

மூன்றாம் நாள் அம்மாவே தராசைக் கையில் எடுத்தார். பாத்திரத்தின் எடையைக் கழிக்கும் பொத்தானை மகன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். தட்டை வைத்தார், சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், பொத்தானை அழுத்தினார். மறுபடி சோறு, மறுபடி பொத்தான்.

"பாரு கண்ணா, சைபர்தான் காட்டுது. நீ இன்னும் ஒண்ணுமே துன்னல."