பூஞ்சண நிபுணர் ஆவது எப்படி?

தம்பி, வெளிநாடு போக ஏஜென்சிக்குக் கட்ட வைத்திருக்கிற காசை அப்படியே வையும். மாரி வருகுது. ஐப்பசியில் மழை பிடித்தால் கார்த்திகைக்குள் வலிகாமத்தில் எத்தனை வீட்டு அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுக்கும் என்று நினைக்கிறீர்? பூட்டிக் கிடக்கிற வெளிநாட்டுக்காரர் வீடுகள் வேறு. "பூஞ்சணம் அகற்றும் நிபுணர்" என்று ஒரு போர்ட் எழுதி மாட்டும்.

லைசன்? அந்தக் கரைச்சல் அமெரிக்காவில். ரெக்சாஸில் 25 சதுர அடிக்குத் தொடர்ச்சியாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால், லைசன் இல்லாதவர் கூலிக்குக் கை வைக்க ஏலாது. நியூயோர்க்கில் 2016 ஜனவரியில் இருந்து சட்டம். இங்கே கட்டட ஒப்பந்தக்காரரைப் பதிந்து தரம் பிரிக்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பூஞ்சணத்துக்கென்று தனி லைசன் கிடையாது. பூச்சாடித் தட்டில் நுளம்புக் குடம்பி கண்டால் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வீட்டுக்காரரைக் கோட்டுக்கு ஏற்றலாம். அதே வீட்டில் சுவர் கரிச்சட்டி போலக் கிடந்தாலும் அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். ஆகவே சோதனை எழுதாமலே நீர் பாஸ்.

கொரோனாக் காலத்து மாஸ்க் ஒன்று, டோர்ச் ஒன்று போதும். சுவரில் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "உள்ளுக்கை ஏறிட்டுது" என்று மெல்லச் சொல்லும். எது ஏறியது என்று ஒருவரும் கேட்கமாட்டினம்.

தண்ணீர் எங்கேயிருந்து வருகுது என்று மட்டும் நீர் தேடிவிடாதேயும். ஓடு உடைந்திருக்கலாம், குளியலறைப் பைப் கசியலாம். பழைய சுண்ணாம்புக்கல் வீடென்றால், மூச்சுவிட்ட சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் யாரோ சீமெந்தைப் பூசியதில் நிலத்து ஈரம் வெளியேற வழியில்லாமல் நிற்கும். அதைக் கண்டுபிடித்துத் திருத்தினால் அடுத்த மாரிக்கு உமக்கு வேலையில்லை. பிளீச்சை அடியும். பத்து நிமிடத்தில் கறுப்பு வெளிறும், வீட்டுக்காரர் முகம் வெளிக்கும். பூச்சுக்குள் ஓடிய வேர் அப்படியே கிடக்கும், அது உம்முடைய சேமலாபநிதி. நனைந்ததை 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காயவைக்கச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம். மாரியில் எங்கள் கொடித்துணியே மூன்று நாள் காயாது. சுவர் ஈரமாக இருக்கும்போதே பெயின்ற் அடித்துவிடும்.

ரெக்சாஸிலும் நியூயோர்க்கிலும் இன்னொரு பொல்லாத விதி உண்டு: ஒரு வேலையில் பரிசோதித்தவர் அகற்றக்கூடாது, அகற்றியவர் பரிசோதிக்கக்கூடாது. இது வாடிக்கையாளர் காதில் விழவே கூடாது. இங்கே டொக்டரும் நீர், மருந்துக்கடையும் நீர், மரண விசாரணை அதிகாரியும் நீர்.

இதெல்லாம் நான் படித்தது போன வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரிடம். அலுமாரியை இழுத்தபோது மனுசியின் கூறைச்சேலையில் மிளகு தூவினமாதிரிப் புள்ளி. அவர் பிளீச் அடித்தார், தந்த நிறத்தில் பெயின்ற் அடித்தார், "இனிப் பேரப்பிள்ளை காலத்துக்கும் வராது" என்றார். மார்கழியில் அதே இடத்தில், அதே வடிவில், இலங்கைப் படம் மாதிரி மேலெழும்பி வந்தது. கூப்பிட்டேன். வந்தார். டோர்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணை, இது பழைய பூஞ்சணமில்லை. புதுசு. இதுக்குத் தனி றேட்."