புதிய மடிக்கணினியில் பழுதுற்ற செக்டர்கள்: பாலோ வட்டார நோய்நாடல் முறைகள் குறித்த ஓர் ஆய்வு

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், பெக்கோக்கிற்கும் குளுவாங்கிற்கும் இடையே, இரயில் பாதையை ஒட்டிச் செம்பனைத் தோட்டங்கள் சூழ அமைந்துள்ள பாலோவைப் பற்றி எழுதப் புகுவோர் தோட்டங்களையும் இரயில் நிலையத்தையும் தவறாமல் குறிப்பிடுவரே அன்றி, அவ்வூர் வீடொன்றில், வாங்கிப் பத்து நாளும் ஆகாத மடிக்கணினி ஒரு திருமணப் படத்தைத் திறக்க மாட்டாமல் உறைந்து நிற்கையில் அதைச் சுற்றிக் கூடும் குடும்ப அவையைப் பொருட்படுத்துவதில்லை. அந்த அவையில் மருத்துவமும் வானிலையும் மின்பொறியியலும் சோதிடமும் ஒருங்கே பேசப்படுவதாலும், நோய்க்குக் கூறப்படும் காரணம் எதுவாயினும் சிகிச்சை மட்டும் "கடையில குடுத்து ஃபார்மட் அடிச்சிடு" என்ற ஒன்றாகவே முடிவதாலும், அங்கு வழங்கும் நோய்நாடல் முறைகளை வகுத்து ஆராயும் தேவை எழுகிறது.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்தல் மரபு. ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டுப் பெட்டிக்குள், மடிக்கணினியைப் பொறுத்தவரை பெரும்பாலும் கண்ணாடியாலான காந்தப் பூச்சுத் தட்டு நிமிடத்திற்கு 5400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை, சுழல்கிறது. அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில், தட்டைத் தொடாமலும் அதை விட்டு விலகாமலும், படிக்கவும் எழுதவும் வல்ல ஒரு முனை மிதந்து செல்கிறது. தட்டின்மேல் உள்ள வட்டத் தடங்கள் சிறு சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன, அத்துண்டே செக்டர். ஒரு செக்டர் நெடுங்காலம் 512 பைட் அளவினதாக இருந்து, 2011 முதல் வெளிவந்த புதிய தட்டுகளில் 4096 பைட்டாக வளர்ந்தது. ஒவ்வொரு செக்டரிலும் தரவோடு பிழைதிருத்தக் குறியீடு ஒன்றும் சேர்த்து எழுதப்படுவதால், படிக்கும்போது இரண்டும் பொருந்தாவிடில், தட்டு மனம் தளராமல் சுற்றுக்குச் சுற்று மீண்டும் படித்துப் பார்க்கிறது. எத்தனை சுற்று வந்தும் பொருந்தாத துண்டுதான் பேட் செக்டர். அந்த வீண் சுற்றுகளின் நேரத்தைத்தான் வீட்டார் "ஹேங் ஆயிடுச்சு" என்கின்றனர். ஐபிஎம் நிறுவனம் 1956-இல் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவி, 24 அங்குலத் தட்டுகள் ஐம்பதைச் சுமந்துகொண்டு ஐம்பது இலட்சம் எழுத்துகளையே தாங்கிற்று என்பதும், பாலோவில் இன்று எடுக்கப்படும் திருமணப் படங்களுள் சற்றே பெரியதொன்று அதில் அடங்காது என்பதும் ஒப்புநோக்கத் தக்கன. மேசைக்கணினித் தட்டுகளுக்கான அலுமினிய அடித்தளத்தைச் செய்யும் சீகேட் ஆலை இதே ஜொகூரில் இருப்பதால், இவ்விவகாரத்தில் கருத்துரைக்கும் உரிமை ஜொகூர் மக்களுக்குப் பிறப்பிலேயே வாய்த்தது என்று வாதிடவும் இடமுண்டு.

இனி, "புதிய" என்னும் அடைமொழி. புதிய தட்டில் பழுது இருக்கலாகாது என்பது வாங்கியவரின் வாதம். ஆனால் பழுதே இல்லாத தட்டு எந்த ஆலையிலும் பிறப்பதில்லை. ஆலையிலேயே தட்டு முழுவதும் சோதிக்கப்பட்டு, தேறாத இடங்கள் பிறவிக்குறைப் பட்டியல் ஒன்றில் எழுதப்பட்டு, பயன்படுத்துவோர் கண்ணுக்குத் தெரியாதவாறு மறைக்கப்படுகின்றன. விற்பனைக்குப் பின் தோன்றும் குறைகளுக்கு வேறொரு பட்டியலும், அவற்றிற்கு மாற்றாக நிற்க ஒதுக்குச் செக்டர்களும் உண்டு. ஆகவே பழுது இருக்கிறதா என்ற கேள்வி பொருளற்றது. பட்டியல் வளர்கிறதா என்பதே கேட்கத் தக்கது.

அதற்கும் முன்பாக, தட்டு உண்மையிலேயே புதியதுதானா என்ற ஐயம் தீர வேண்டும். 2025 தொடக்கத்தில், பத்தாயிரக்கணக்கான மணிநேரம் உழைத்துக் களைத்த சீகேட் தட்டுகள், உழைத்த கணக்கு அழிக்கப்பட்டுப் புதியனவாக ஐரோப்பியக் கடைகளில் விற்கப்பட்டமை ஜெர்மானியத் தொழில்நுட்பச் செய்தித் தளமொன்றால் வெளியாயிற்று. சியா என்னும் மின்னாணயத்தை ஈட்டப் பயன்பட்ட தட்டுகள் அவை என்ற ஐயமும் எழுந்தது. அவ்வாண்டு மே மாதம் கோலாலம்பூருக்கு அருகே ஒரு கிடங்கில் சீகேட் நிறுவனத்தாரும் மலேசிய அதிகாரிகளும் நடத்திய சோதனையில், புதுப்பூச்சுப் பெறக் காத்திருந்த ஏறத்தாழ 700 தட்டுகள் பிடிபட்டன. இணையச் சந்தையில் விலை மலிவு கண்டு மகிழ்பவர் தட்டு தன்னைப் பற்றித் தானே குறித்துவைக்கும், பின்னர் விளக்கப்படும் கணக்கேட்டில் ஒன்பதாம் எண்ணைப் பார்ப்பது நலம். அழிக்கப்படாதிருந்தால், அது தட்டு விழித்திருந்த மொத்த மணிநேரத்தைக் காட்டும். நேற்றுப் பெட்டி பிரித்த கணினி நாலாயிரம் மணிநேரம் விழித்திருந்ததாகச் சொல்லுமானால், கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் செக்டரைக் கடந்தவை.

நோயின் காரணம் குறித்துப் பாலோ அவையில் நான்கு கட்சிகள் உள. வெப்பக் கட்சியினர், மலேசிய வெயிலும், மெத்தைமேல் வைத்துப் படம் பார்க்கும் பழக்கமுமே காரணம் என்பர். கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர் மூவர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளைக் கவனித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு இக்கட்சிக்கு ஆறுதல் தரவில்லை: சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு உறவு அதில் காணப்படவில்லை, மிகக் குளிர்ந்திருந்த தட்டுகளே கூடுதலாகப் பழுதாயின, கடும் சூட்டில், அதுவும் வயதான தட்டுகளில் மட்டுமே உறவு தலைகாட்டிற்று. இரயில் கட்சியினர், சரக்கு இரயில் கடக்கும்போது அலமாரிக் கண்ணாடி அதிர்வதைச் சான்று காட்டுவர். கண்ணாடி அதிர்வது உண்மை, எஞ்சியதற்குச் சான்றில்லை. வைரஸ் கட்சியினரோடு வாதிடுதல் வீண்.

மின்தடைக் கட்சியின் வாதம் மட்டும் ஆழமானது. எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் அறுந்தால் தரவும் பிழைதிருத்தக் குறியீடும் பாதியில் நின்று பொருந்தாமற் போகும். காந்தப் பரப்பில் காயமின்றியே அச்செக்டர் படிக்க முடியாததாகிவிடும். இதனை மென்பழுது என்றும், பரப்பே கெட்டதை வன்பழுது என்றும் பிரிப்பர். ஆனால் மடிக்கணினிக்குத்தான் பேட்டரி உண்டே என்று எதிர்க்கட்சி மடக்கும். இங்குதான் பாலோவின் வீட்டு வழக்கம் ஆய்வுக்குக் கைகொடுக்கிறது: பேட்டரியைக் கழற்றும் வசதியிருந்த மாடல்களில், எப்போதும் செருகியிருந்தால் அதன் ஆயுள் குறையும் என்று கேள்விப்பட்ட குடும்பத் தலைவர், அதைக் கழற்றித் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, கணினியைச் சார்ஜரில் மட்டும் ஓடவிடுவார். பிற்பகல் மூன்று மணிக்கு மேகம் திரண்டு இடி இறங்கும் நாட்டில், அலமாரியில் உறங்கும் பேட்டரி யாருக்கும் உதவாது. ஐந்தாவதாக, கட்சி எதுவும் பேசாத காரணம் ஒன்றுண்டு: மூடியை மடக்கியவுடன் கணினி உறங்கிவிட்டதாக நம்பி, முனை இன்னும் தன் ஒதுங்கு மேடைக்குத் திரும்பாத அந்தச் சில நொடிகளுக்குள் அதை மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் போட்டுத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓட்டுதல். ஓட்டியவர் அவையில் அமர்ந்திருப்பதால் இக்காரணம் எழுவதில்லை போலும்.

இனி நோய்நாடல். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வாகிய நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகியவற்றை வன்தட்டுக்குப் பொருத்திப் பார்த்தால், பாலோ வீடுகளில் நிகழ்வன அனைத்தும் அதனுள் அடங்குகின்றன. நாடி பார்ப்பவர், கணினியின் இடப்பக்கமோ வலப்பக்கமோ உள்ளங்கையை வைத்துச் சுழற்சியை உணர்வார். நொடிக்கு 90 சுற்று என்னும் சீரான அதிர்வில் அறிவதற்கு அதிகமில்லை. பரிசம் வெப்பக் கட்சியின் சொத்து, மேலே கூறப்பட்டது. நாவால் தட்டைச் சோதிக்கும் வழக்கம் இவ்வட்டாரத்தில் இல்லை, எறும்புகள் நீங்கலாக. மொழித் தேர்வு மதிப்பு வாய்ந்தது: ஒரே தாளத்தில் "டக், டக்" என்று கேட்கும் ஒலி, முனை தன் இடத்தைக் காணாமல் மீண்டும் மீண்டும் திரும்பிவருவதன் அறிகுறி, அது கேட்டால் மற்ற ஏழு தேர்வுகளையும் நிறுத்தி, கணினியை அணைத்துவிடல் வேண்டும். ஆனால் மின்விசிறியில் சிக்கிய தூசும் ஏறத்தாழ அதே மொழி பேசும். விழி என்பது வன்தட்டின் சிறு விளக்கு. இமைத்துக்கொண்டிருக்க வேண்டியது இமையாமல் நிலைகுத்தி நின்றால், உள்ளே ஏதோ ஒரு செக்டர் எத்தனையாவதோ முறை படிக்கப்படுகிறது என்று பொருள்.

நிறத் தேர்வுக்குக் கருவி வேண்டும். தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்னும் கணக்கேட்டை, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் திறந்து காட்டி, நலமாயின் நீலம், எச்சரிக்கையாயின் மஞ்சள், கேடாயின் சிவப்பு என நிறம் தீட்டும். நிறத்தோடு நின்றுவிடுவது குடும்ப அவையின் பொதுக் குறை; அடியில் உள்ள எண்களே நூலின் மூலம், நிறம் அதன் பொழிப்புரை. ஐந்தாம் எண், ஒதுக்குச் செக்டர்களால் ஈடுசெய்யப்பட்டவற்றின் தொகை. 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198, முழுச் சோதனையிலும் தேறாதவை. 199 மட்டும் தட்டைப் பற்றியதன்று. தட்டுக்கும் கணினிக்கும் இடையிலான இணைப்பில் தரவு சிதைவதைச் சொல்வது. அது ஏறும் கணினியில் தட்டை மாற்றிப் பணம் செலவிடுவோர் ஓராண்டுக்குப் பின் மீண்டும் மாற்றுவர். மேலும், எண் ஒருமுறை பார்க்கப்பட்டால் செய்தி; இரு வாரம் கழித்து மறுமுறை பார்க்கப்பட்டால்தான் நோய்நாடல். ஐந்தாம் எண்ணில் எட்டு என்று இருந்து, எட்டாகவே பல மாதம் நிற்கும் தட்டு, நேற்றுச் சுழியமாய் இருந்து இன்று இரண்டாகி நாளை பதினாறாகும் தட்டைவிட நம்பத் தக்கது. மேற்சொன்ன கூகுள் ஆய்வின்படி, பரப்புச் சோதனையில் முதல் பிழை தோன்றிய தட்டு, பிழை காணாத தட்டைவிட 60 நாள்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு. அதே ஆய்வு, செயலிழந்த தட்டுகளுள் 56 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு எண்களில் எந்த முன்னறிவிப்பும் தராமலேயே போய்ச் சேர்ந்தன என்றும் கூறிவிடுவதால், நீல நிறத்தைக் கண்டு நகல் எடுக்காமல் இருப்போருக்கு அறிவியலின் ஆதரவு இல்லை.

மலத் தேர்வு அருவருப்புக்குரியதாயினும் ஆய்வாளன் தவிர்க்கலாகாதது. விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளை பழுதைச் சீர்செய்தபின், உரியவர் தெரியாத தரவுத் துணுக்குகளை ஃபவுண்ட் 000 என்னும் மறைகோப்புறையில், வரிசை எண் மட்டும் உள்ள கோப்புகளாகக் கழித்து வைக்கும். அவற்றைத் திறந்து பார்ப்பவருக்கு மணமகளின் நெற்றிச்சுட்டி வரைக்கும் தெளிவாகத் தெரிந்து, அதன்கீழ் சாம்பல் நிறப் பட்டையாக முடியும் படங்கள் கிடைக்கும். எந்தக் கோப்பு எந்த அளவு சேதமுற்றது என்பதை இதைவிட நேராகக் காட்டும் சான்று வேறில்லை. எட்டாவது தேர்வில் மரபிலிருந்து சற்றே விலக நேர்கிறது: சித்தர் நோயாளியிடமிருந்து வெளிவரும் நீரில் எண்ணெய்த் துளி விட்டுப் பார்ப்பர், பாலோவிலோ நோயாளிக்குள் சென்ற நீரே ஆராயப்படுகிறது. அது பெரும்பாலும் தே தாரிக் என்னும் பால் தேநீர். சர்க்கரை இருப்பதால் தட்டைவிட விசைப்பலகையே முதலில் இறக்கும்.

தேர்வுகள் முடிந்ததும் கடை. குளுவாங்கிலுள்ள கடைக்காரர் ஃபார்மட் என்பதற்கு ஓர் அடிப்படை உண்டு. விஸ்டா காலம்தொட்டு விண்டோஸின் முழு ஃபார்மட் தட்டு முழுவதும் சுழியங்களை எழுதுகிறது. எழுதும்போது தட்டு, காத்திருக்கும் செக்டர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, மென்பழுதாயின் விடுவித்து, வன்பழுதாயின் ஒதுக்குச் செக்டரைக் கொண்டு ஈடுசெய்கிறது. விரைவு ஃபார்மட்டோ கோப்புகளின் அட்டவணையை மட்டும் புதிதாக எழுதிவிட்டுப் பரப்பைத் தொடாமல் வருகிறது. ஒரு டெராபைட் தட்டில் முன்னதற்கு ஏறத்தாழ மூன்று மணிநேரமும் பின்னதற்கு ஒரு நிமிடமும் ஆகுமாதலால், கடைகளில் எது நடக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இங்கு ஒரு முரண் எழுகிறது. வாங்கிய ஏழு நாளுக்குள் "ஒன் டு ஒன்" மாற்றம் தரும் கடையிலோ, உத்தரவாதத்தின் கீழோ தட்டைத் திருப்பிக் கொடுத்தால், பழைய தட்டு திரும்பி வராது. அதனுள் இருக்கும் அடையாள அட்டை நகலும், சம்பளச் சீட்டும், திருமணப் படமும் அதனோடு போகும். அவற்றை அழிக்க வேண்டுமானால் தட்டு முழுவதும் எழுத வேண்டும். முழுவதும் எழுதினால் 197 சுழியமாகி, கடைக்காரரின் திரையில் எல்லாம் நலமாகத் தெரியக்கூடும். சான்றைக் காத்தால் அந்தரங்கம் போகும், அந்தரங்கத்தைக் காத்தால் சான்று போகும் என்று அவை கலங்கும் இடம் இது. ஆயின் கலக்கம் தேவையற்றது. சுழியம் எழுதியபின் 197 இறங்கி ஐந்தாம் எண் ஏறியிருந்தால், வன்பழுது தன் கையொப்பத்தை அழியாமல் விட்டுச் சென்றிருக்கிறது. அந்த எண்ணை ஃபார்மட் திரும்பப் பெறாது. இரண்டுமே சுழியமாய் நின்று, அடுத்த இரு வாரத்திலும் அசையாமல் இருந்தால், பழுது மென்பழுதே. தட்டு குணமாயிற்று, வழக்கும் இல்லை. முன்னதாகவே திரையைப் படம் பிடித்துத் தேதியோடு வைத்திருப்பவர், கடை மறுத்தால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனுச் செய்யலாம். அம்மன்றம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை ஏற்கும், வழக்குரைஞர் வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளின் முன்கூடையைப் பற்றி அங்கு யாரேனும் கேட்டால், கணினியை ஏற்றிச் சென்றவரே நேரில் விடை கூறும்படி அவர் பெயரிலேயே மனுவை எழுதுவது முறை.