பள்ளி எப்போது திறக்கும்?

கேள்வி: 2023 செப்டம்பரில் நிபா வைரஸ் தொற்று வந்தபோது கேரளத்தின் கோழிக்கோட்டில் பள்ளி விடுமுறையைத் தவணை தவணையாக நீட்டித்தார்களே! பெற்றோர் தவித்துப்போனார்கள். முதல் நாளே முடிவாகச் சொல்லியிருக்கக் கூடாதா? (கோவை வாசகி)

பதில்: பால் பொங்கினால் அடுப்பைச் சட்டென்று அணைத்துவிடலாம், எப்போது ஆறும் என்பதைத் தொட்டுத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். நிபா உடலுக்குள் பதுங்கியிருக்கும் காலமே பெரும்பாலும் 4 முதல் 14 நாள்; பிறகு எப்படி முதல் நாளே முடிவாகச் சொல்ல முடியும்? அந்த முறை 6 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 2 பேர் இறந்தார்கள். பரவல் அடங்கியதும் செப்டம்பர் 25-ல் பள்ளிகள் திறந்தன. தமிழ்நாட்டிலோ கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய ஒன்றாம் வகுப்பு, 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது! அந்த நீண்ட மூடலின் இழப்பைப் பார்த்தபின் தவணை விடுமுறையே மேல் என்பேன். ஆனால் நாளைக்குப் பள்ளி உண்டா என்பதை இன்று மாலைக்குள் சொல்லிவிடுங்கள், அதிகாரிகளே. வேலைக்குப் போகும் தாய்க்கு அது உரிமை.