இரண்டாம் முறை படியுங்கள்

கேள்வி: நாவல் எழுத ஆசை. பயிற்சி வகுப்பில் சேரட்டுமா?
– வாசகி ஒருவர், ஆலுவா

பதில்: சேருங்கள். ஆனால் கட்டணம் கட்டுமுன், உங்கள் பக்கத்து ஊரான சேந்தமங்கலத்தில் பிறந்த மலையாள எழுத்தாளர் சேதுவின் ‘பாண்டவபுரம்’ (1979) நாவலை வாசித்துவிடுங்கள். வங்கியில் கணக்கைப் பைசா பாக்கியின்றி முடித்தாக வேண்டிய அதிகாரியாக இருந்த அவர், நாவலில் கணக்கை முடிக்காமலே விட்டார். அதுதான் அவருடைய லாபம்! நாயகி தேவி ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். வந்து சேர்பவன் நிஜமா, அவள் மனம் படைத்தவனா? தீர்ப்பை வாசகரிடமே விட்டுவிடுகிறார்.

முதல் வாசிப்பு கதைக்காக. இரண்டாவது, கையில் பென்சிலோடு: எங்கே மறைத்தார், எங்கே சந்தேகத்தை விதைத்தார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார் என்று குறியுங்கள். எதைச் சொல்லாமல் விடுவது என்பதை நல்ல நாவலைவிடத் தெளிவாக எந்த வாத்தியாரும் கற்றுத்தர முடியாது. இன்றே தொடங்குங்கள்.