மச்சானின் இரண்டு அங்குலம்

பிக்கப்பை இரண்டு அங்குலம் தூக்கப் போகிறேன் என்று என் மச்சான் அறிவித்தபோது, ஜமுனாமரத்தூர் மலைப்பாதையைக் காரணம் காட்டினான். எனக்கென்னவோ போளூர் சாலையிலிருந்து அவன் வீட்டுக்குத் திரும்பும் தெருவிலுள்ள வேகத்தடைகள்தான் காரணம் என்று படுகிறது. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் சரிந்து, 10 சென்டிமீட்டர் உயரத்தோடு நிற்க வேண்டும். எங்கள் தெருவில் இருப்பவற்றுக்கு அந்த விதியை யாரும் படித்துக் காட்டவில்லை.

லிப்ட் கிட் என்று பெயர்தான் பெரிசு. பெட்டியைப் பிரித்தால் முன்பக்க ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கத் தடித்த வட்டுகள், பின்பக்க அச்சுக்கும் கமான் பட்டைக்கும் நடுவே செருக இரும்புக் கட்டைகள், அதற்கேற்ற நீள யூ போல்ட்டுகள். பழைய யூ போல்ட் கழல மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், சுத்தியலால் அடித்தார்கள், அதன் வம்சத்தைத் திட்டினார்கள். கடைசியில் கேஸ் கட்டிங்தான் வென்றது.

அடியைத் தேடிப் பன்றியாய்க் குடைந்தவரும் முடியைத் தேடி அன்னமாய்ப் பறந்தவரும் தோற்றுத் திரும்பிய ஊர் இது. பட்டறையிலும் அதே கதைதான். மெக்கானிக் வண்டிக்கு அடியில் கிடந்தார், மச்சான் எதிரே நின்று அண்ணாந்து பார்த்தான். தாழம்பூவின் வேலை என் தலையில் விழுந்தது. "எப்படி மாமா இருக்கு?" என்றான். "கம்பீரமா இருக்குப்பா" என்றேன்.

கம்பீரத்துக்கு முதல் பலி என் மாமியார். முன்சீட்டில் ஏற அவருக்கு முக்காலி போட வேண்டியிருந்தது. "பெரிய தேருக்கே படி வச்சிருக்கான், உன் வண்டிக்கு இல்லையாடா?" என்றார். தேரில் ஸ்பிரிங்கும் கிடையாது, முட்டுக்கட்டைதான் பிரேக், அப்படியும் கார்த்திகை தீபத்தின் ஏழாம் நாள் மாட வீதியை ஒழுங்காகச் சுற்றி வருகிறது என்று உபரியாகவும் ஒன்று சொன்னார்.

அடுத்து லோடுமேன்கள். நிலக்கடலை மூட்டையைத் தோளிலிருந்து தள்ளும் உயரம் அவர்கள் உடம்புக்குப் பழகிய கணக்கு. இரண்டு அங்குலம் கூடியதும் மூட்டைக்கு இவ்வளவு கூடுதல் என்று கூலி கேட்டார்கள். நியாயம்தான்.

பிரேக் விஷயம் மட்டும் சிரிக்கக்கூடியதில்லை. பல பிக்கப்களில் பின்சக்கர பிரேக்குக்குச் சுமை பார்த்து அழுத்தம் தரும் வால்வு ஒன்று உண்டு. அச்சுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் அது சுமையை எடைபோடும். நடுவே கட்டை செருகிவிட்டு அந்த வால்வைத் திருத்தி வைக்காவிட்டால், வண்டி நிறைய மூட்டை இருந்தாலும் சுமை குறைவு என்று நம்பிப் பின் பிரேக்கைச் சிக்கனம் செய்யும். போதாததற்கு, உயரம் கூடிய வண்டி கொண்டை ஊசி வளைவில் சாயப் பார்க்கும். புரொப்பெல்லர் ஷாப்ட் கோணம் மாறிக் கிராஸ் முனகும். எதிரே வருபவர் கண்ணில் நம் ஹெட்லைட் நேராக அடிக்கும்.

இத்தனையையும் சொல்லியும் அசராத மச்சான், எப்.சி. தேதி நெருங்கியதும் சட்டம் படித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு தனித்தனியாக் கணக்கா மாமா?" என்று கேட்டான். பிரேக் இன்ஸ்பெக்டரையே கேள் என்றேன். அதற்கு அவன் தயாரில்லை.

கழற்றுவதற்கு மாட்டிய நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. கட்டைகள் இப்போது வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன. பீரோவுக்கு முட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் யாரும் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். வண்டிக்கு என்றால் தருவதாக இல்லை.